சிப்பிக் கிண்ணத்தின் எடை

கிண்ணம் பதினான்கு கிராம் குறைந்திருந்தது.

திங்கட்கிழமை காலை. ஜீவமணி தராசைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தான். ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. சனிக்கிழமை அவனே நிறுத்து, அறுநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அறையைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தான். வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து அருங்காட்சியகத்துக்காரர்கள் வந்து நிறுத்து வாங்கிக்கொள்வார்கள்.

புதுத் துறைமுகம் வந்த வருஷம் அது. கப்பலில் பிடிபட்ட சாமான்களைப் பூட்டி வைக்கும் அறைக்கு அவன்தான் குமாஸ்தா. அப்படிப் பிடிபட்ட இந்தக் கிண்ணத்தில்தான் இருநூறு வருஷத்துக்கு முன், முத்துக்குளிப்புத் தொடங்கும் நாளில், துரைமார் ஒயின் ஊற்றி ஆளுக்கொரு வாய் குடித்தார்களாம். நம் கடலில் கிடைக்காத சுருட்டைச் சிப்பியில் செய்தது. விளிம்பிலும் பாதத்திலும் வெள்ளி. சிப்பி தேயாது, ஆகவே வெள்ளியைத்தான் சுரண்டியிருக்கிறான் என்பார்கள். சாவி யாரிடம் இருந்தது என்றும் கேட்பார்கள். வேலை போய்விடும்.

மத்தியானம் வீட்டுக்கு ஓடினான். "ஏளா, ஒரு காலு கொலுசைக் கழத்து."

"ஊர்ல பொண்டாட்டிக்குக் கொலுசு வாங்கிட்டு வாராவ. நீங்க கழத்திட்டுப் போறிய," என்றாள் ஜெபசெல்வி. அவனுக்குச் சோறு இறங்கவில்லை என்று தூக்குச்சட்டியில் கட்டியும் கொடுத்தாள்.

கொலுசை நறுக்கி, பாதத்தின் குழிக்குள் அரக்கு வைத்து ஒட்டினான். அறுநூற்றுப் பன்னிரண்டு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, வந்த நிம்மதியில் தூக்குச்சட்டியை அங்கேயே மறந்து, பூட்டிக்கொண்டு போனான்.

செவ்வாய்க்கிழமை சட்டியின் மூடி தரையில் கிடந்தது. சோறு அப்படியே இருக்க, பொரித்த நெத்திலியை மட்டும் காணோம். கிண்ணம் அறுநூற்று நாற்பது.

கொலுசைப் பிடுங்கிப் பார்த்தான். அறுநூற்று இருபத்தாறு. குறைந்தால் திருடன், கூடினால் எதையோ ஒளித்து வைத்த கள்ளக்கடத்தல்காரன். கிண்ணத்துக்குள் விரலை விட்டான். ஈரமாக, வழுவழுவென்று இருந்தது. இருநூறு வருஷத்து ஒயின் கசடு என்று நினைத்துக்கொண்டான்.

கருவாட்டுக்கு நீர் இழுக்கிற உப்பு கிண்ணத்துக்கு இழுக்காதா? ஒரு பெட்டி உப்பு வாங்கி, கிண்ணத்தைக் கவிழ்த்துப் புதைத்துவிட்டுப் போனான்.

புதன்கிழமை உப்பெல்லாம் கசிந்து கிடந்தது. கிண்ணம் அதன் மேலே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. எடை அறுநூற்று ஐம்பத்தைந்து.

ஜீவமணி, இனி அதைத் தனியே விடுவதில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு அதன் பக்கத்திலேயே சாப்பிட உட்கார்ந்தான். தண்ணீர் எடுக்கத் திரும்பினான். திரும்பி வந்தபோது தட்டில் சோறு மட்டும் இருந்தது.

சாயங்காலம் வீட்டில் கேட்டான். "இன்னைக்கு நெத்திலி வச்சியா?"

"ஒரு கை அள்ளி வச்சேனே. தின்னது கூடவா மறந்துபோவும்?"

வியாழக்கிழமை சூப்பிரண்டு ஆறுமுகநயினாரே வந்து நின்றார். தராசு அறுநூற்றுத் தொண்ணூறு காட்டியது.

"என்னவே, வெள்ளி குட்டி போட்டிருக்கா?"

"நான் தொடல சார்."

"நாளைக்கு அவுக வாரதுக்குள்ள இதுக்குக் காரணம் தெரியணும். இல்லன்னா உம்ம பேரை எழுதி மேல அனுப்பிருவேன்."

ஜீவமணி திரேஸ்புரத்துக்கு ஓடி, சங்கு குளிக்கிற ரோச்சைக் கையோடு கூட்டிவந்தான். தூக்கிப் பார்த்தே சங்கின் எடையைச் சொல்லிவிடுவான் என்று கரை முழுக்கப் பேர் வாங்கியவன்.

ரோச் கிண்ணத்தை உள்ளங்கையில் ஏந்திக் கண்ணை மூடினான்.

"எடை சரிதான் சார்."

"எது சரி? அறுநூத்திப் பன்னெண்டா, அறுநூத்தித் தொண்ணூறா?" என்றார் ஆறுமுகநயினார்.

"ரெண்டும் சரிதான்."

ஜீவமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதை அப்படியே எழுதிக் குடுத்துரு ரோச்சு," என்று காகிதத்தை நீட்டினான்.

ரோச் காகிதத்தை வாங்கவில்லை. கிண்ணத்தை மேஜைமேல் மெதுவாக இறக்கி, விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு, இரண்டடி பின்னால் போய் நின்றான்.

"எழுதித் தாரேன் சார். மொதல்ல, இதுக்குத் தீனி போடுதது யாருன்னு சொல்லுங்க."