நூற்றுப் பத்தொன்பதாம் நம்பர் ரூம்

தன் நாற்காலிக்குப் போக வேண்டுமானால் அந்தப் பெட்டியின் மேல் ஏறித்தான் இறங்க வேண்டும் என்று ஆகிவிட்டது கமலக்கண்ணனுக்கு.

இடுப்பு உயரம், கட்டில் நீளம். சுற்றிலும் மரச்சட்டம் அடித்திருந்தது. திங்கட்கிழமை காலை ரேணிகுண்டாவிலிருந்து லாரியில் வந்த பெட்டியை எங்கே இறக்குவது என்று டிரைவர் கேட்டபோது, அதற்குச் சொந்தக்காரியான துர்காதேவி, "எனக்கு ரூம் குடுக்க வேண்டிய ஆபீசு எதுவோ, அது வாசப்படியிலயே இறக்குப்பா" என்று சொல்லிவிட்டார்.

துர்காதேவி பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர். குடிநீரைப் பரிசோதிப்பது அவருடைய ஆராய்ச்சி. சேர்ந்து நான்கு மாதமாகியும் உட்கார இடம் கிடையாது. லைப்ரரி படிக்கட்டில் மாணவர்களைச் சந்திப்பார், கேன்டீனில் பேப்பர் திருத்துவார். இப்போது அந்தப் பெட்டியில் தண்ணீர் சோதிக்கும் மெஷினும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் அதைப் பொருத்திப் போட்டோ அனுப்பாவிட்டால், கொடுத்த டெல்லிக்காரர்கள் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

எந்தத் துறைக்கு எந்த அறை என்று தீர்மானிக்கும் எஸ்டேட் செக்‌ஷனுக்குக் கமலக்கண்ணன்தான் சூப்பரின்டென்ட். நகரியிலிருந்து தினமும் பஸ்ஸில் திருப்பதிக்கு வந்து போகிறவர். நல்ல மனிதர். அந்த வேலைக்கு அதுதான் கெடுதல். 'இல்லை' என்ற சொல் அவர் வாயில் வரவே வராது.

"ரெண்டு நாள் டைம் குடுங்க மேடம். ரூம் கெடைக்காம எங்க பூடும்?"

"நாலு மாசமா இதையேதான் சொல்லிகினு இருக்கீங்க சார்."

அன்று மத்தியானம் பெட்டி மேல் ஏறும்போது பேண்ட் ஆணியில் மாட்டி டர்ரென்று கிழிந்தது. கிழிசலை ஒரு ஃபைலால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், வேகம் வந்து அறைப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பி பிளாக், முதல் மாடி, அறை எண் 119. இருபதுக்கு இருபத்தைந்து அடி. எந்தத் துறைக்கு என்ற கட்டத்தில் ஒன்றுமே எழுதவில்லை!

ஓடிப் போய்ப் பார்த்தார். வராந்தாவின் கடைசியில் பச்சைக் கதவு. மேலே 119. துருப்பிடித்த பூட்டு.

"இது எக்ஸாம் செக்‌ஷனுதுன்னு நெனச்சிகினு இருந்தோம்" என்றார்கள் பக்கத்து அறையில்.

"எங்களுதா? எஸ்டேட்டுதுன்னு இல்ல நாங்க நெனச்சோம்" என்றார்கள் எக்ஸாம் செக்‌ஷனில்.

அந்த பிளாக்கின் சாவியெல்லாம் அட்டெண்டர் வெங்கடலட்சுமியிடம் இருக்கும். அந்த அம்மாளோ மகள் பிரசவத்துக்காக லீவு போட்டுக் கார்வேட்டிநகரம் போயிருந்தாள். போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. 'பூட்டுதானே, உடைத்தால் போச்சு' என்று கமலக்கண்ணன் 119ஐ துர்காதேவிக்கு ஒதுக்கி உத்தரவு அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

துர்காதேவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேன்டீனிலிருந்து ஐம்பது மைசூர் போண்டா வரவழைத்து ஆபீஸ் முழுக்கக் கொடுத்தார். போண்டா போன இடமெல்லாம் செய்தியும் போயிற்று: ரூம் ஒன்று காலி.

மறுநாள் காலை புள்ளியியல் துறைத் தலைவர் ஆதிகேசவன் வந்து பெட்டியின் மேல் ஓங்கித் தட்டினார்.

"ஏமய்யா கமலக்கண்ணன், எங்க பிளாக்குல ரூம் காலியா இருந்தா எங்கள ஒரு வார்த்தை கேக்க வேணாவா? இருவத்திரண்டு வருஷ சர்வீசுய்யா எனக்கு!"

அவர் துறைக்கு ஏற்கெனவே நான்கு அறை. அதில் ஒன்று நிறைய பழைய பெஞ்சுகள். கமலக்கண்ணனுக்குச் சட்டென்று ஒரு யோசனை உதித்தது.

"அது உங்களுக்குத்தான் சார். இன்னும் பூட்டு தொறக்கல, அவ்வளவுதான். அதுவரைக்கும் உங்க பெஞ்சு ரூமக் காலி பண்ணிக் குடுங்க, இந்தப் பொட்டிய அங்க வெச்சிக்கிறேன்."

இரண்டாவது உத்தரவு தயாரானது.

பெட்டி போயிற்று. நாற்பத்து மூன்று பெஞ்சுகள் வராந்தாவுக்கு வந்தன. அதில் ஏறிக் குதித்து வகுப்புக்குப் போன ஒரு பையன் நேராக ரிஜிஸ்ட்ரார் முன்னால் போய் விழுந்தான். ரிஜிஸ்ட்ரார் போனில் தெலுங்கில் பேசியதைத் தமிழில் எழுதினால் அச்சில் ஏறாது. சாயங்காலத்துக்குள் ஒரு பெஞ்சு அங்கே இருக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

பெஞ்சுகளை வைக்க இடம் தேடிக் கமலக்கண்ணன் விளையாட்டுத் துறை இயக்குநர் ஹரிபிரசாத்திடம் ஓடினார்.

"பெஞ்சா? மூணு வருஷமா டேபிள் டென்னிசுக்கு ஒரு ரூம் கேட்டுகினு இருக்கேன். பி பிளாக்குல ஏதோ காலியாமே அண்ணா?"

"அது உனுக்குத்தான் ஹரி" என்றது கமலக்கண்ணனின் வாய், அவரைக் கேட்காமலே. "இப்போதிக்கு இந்த பெஞ்சுங்கள உன் இண்டோர் கோர்ட்டுல போட்டுக்கோ."

மூன்றாவது உத்தரவு. கோர்ட்டில் பெஞ்சுகளுக்கு வழிவிட்ட இரண்டு டேபிள் டென்னிஸ் மேஜைகளும், பெட்டி இருந்த அதே இடத்தில், எஸ்டேட் செக்‌ஷன் வாசலில் வந்து உட்கார்ந்தன. ஏறிப் போய்க்கொண்டிருந்தவர் இப்போது குனிந்து போனார். புதன்கிழமை மட்டும் மூன்று முறை அவர் டீயில் பந்து விழுந்தது.

வியாழக்கிழமை ஹரிபிரசாத்தின் ஆள் 119இன் கதவில் போர்டு மாட்டப் போனான். அதை ஆதிகேசவன் பார்த்தார். அப்புறம் துர்காதேவியும் வந்தார். மூன்று உத்தரவுகளும் ஒன்றையொன்று முதன்முதலாகச் சந்தித்தன. ஆதிகேசவனிடமிருந்து கமலக்கண்ணனுக்குப் போன் வந்தது: "நாளைக்கிப் பத்து மணிக்கு 119 முன்னால வந்து நில்லு."

வீட்டில் சோறு இறங்கவில்லை.

"இன்னா, ஒடம்பு செரியில்லியா?" என்றாள் மனைவி சுந்தரி.

"ஒரே ரூம மூணு பேருக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

"அதோட நமக்கும் ஒண்ணு எழுதியிருக்கலாமே. உங்க தங்கச்சி வந்தா படுக்க எடமில்ல" என்று சொல்லிவிட்டு அவள் ரசம் ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை பூட்டு உடைக்க ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு, பலியாட்டைப் போல வராந்தாவில் நடந்தார். மூவரும் தயாராக நின்றார்கள். கமலக்கண்ணன் கைகூப்பினார்.

"மூணு பேரும் என்ன மன்னிக்கணும்..."

"சார், மொதல்ல நான் சொல்லிடறேன்" என்று துர்காதேவி முந்தினார். "எனக்கு 119 வேணாம். பெஞ்சு ரூம்லயே மெஷின் மாட்டியாச்சு, குழாய் இழுத்தாச்சு, போட்டோவும் போயிடுச்சு. இனிமே அத அசைக்க முடியாது."

கமலக்கண்ணன் ஆதிகேசவன் பக்கம் திரும்பினார். அவர் ரூம் அல்லவா போய்விட்டது!

"இருக்கட்டும்யா" என்றார் ஆதிகேசவன், குரலைத் தாழ்த்தி. "அந்தம்மா ஊரூரா தண்ணி எடுத்து சோதிக்குது. கணக்குப் போட எங்க பசங்கதான் வேணுமாம். எங்க டிபார்ட்மெண்ட்ட தேடி ஒருத்தர் வந்து எத்தினி வருஷமாச்சு தெரியுமா? எனக்கு எதுக்கு இன்னொரு ரூமு? ஹரிக்கே குடு."

"அய்யோ, எனக்கும் வேணாம் அண்ணா!" என்று ஹரிபிரசாத் பின்வாங்கினார். "பெஞ்சு போட்டதும் போட்டோம், நேத்து ஷட்டில் மேட்சுக்கு நூறு பேர் உக்காந்து கை தட்டுறாங்க. இதுவரைக்கும் எங்க ஆட்டத்த யார் பாத்தாங்க? டேபிளுங்களும் உங்க ஆபீசு வாசல்லயே இருக்கட்டும். அங்க காத்து நல்லா வருது, ஆடறதுக்கு ஆளும் வருது."

கமலக்கண்ணன் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பதினான்கு வருஷ சர்வீசில் எஸ்டேட் செக்‌ஷனைத் தேடி வந்து 'வேண்டாம்' என்று சொன்னவர்கள் இவர்கள்தான். கண் கலங்கிவிட்டது.

"அப்ப இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான் சார்" என்றார் துர்காதேவி. "எல்லாருக்கும் எடம் குடுத்துட்டு நீங்க டேபிளுக்கு அடியில பூந்து போறீங்களே, நல்லாவா இருக்குது?"

மற்ற இருவரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கமலக்கண்ணன் அங்கேயே சுவரில் காகிதத்தை வைத்து, 119ஐ எஸ்டேட் செக்‌ஷனுக்கு ஒதுக்கி நான்காவது உத்தரவை எழுதிக் கையெழுத்திட்டார். இந்தக் கையெழுத்தின் கீழ் மட்டும் இரண்டு கோடு இழுத்தார்.

தச்சரின் இரண்டாவது அடியில் பூட்டு கழன்று விழுந்தது. கதவு இறுகிக் கிடந்தது. கமலக்கண்ணன் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். உள்ளே வலது காலை எடுத்து வைக்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினார். கதவு கிரீச்சிட்டுக்கொண்டு நகர்ந்தது. இடுக்கு வழியாகக் குளுகுளுவென்று காற்று அடித்தது.

"ஆகா, ஏசியே வேணாம்!" என்றார் ஹரிபிரசாத்.

அப்போதுதான் பேத்தி பிறந்த சந்தோஷத்தில் ஸ்வீட் பாக்ஸோடு லீவு முடிந்து மாடியேறி வந்த வெங்கடலட்சுமி, கதவைப் பார்த்ததும் பாக்ஸைக் கீழே போட்டுவிட்டு அலறிக்கொண்டே ஓடி வந்தாள்.

"சார், சார், கால வெச்சிடாதீங்க! நான் சித்தாளா கல்லு தூக்குன பில்டிங்கு இது. கதவு மட்டுந்தான் வெச்சாங்க, அந்தாண்ட ரூமே கட்டல சார்!"