கழுத்தய்யாவின் இளஞ்சிவப்புப் பஞ்சு

கழுத்து அரிக்கிறவர்களுக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது. மூடிக் கிடந்த பழைய தியேட்டரின் முன்கூடத்தில் ஒரு மகான் வந்து உட்கார்ந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் கழுத்தய்யா. வயிற்றுவலி, வழக்கு, வேலை கிடைக்காதது எல்லாவற்றையும் மற்ற மகான்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கழுத்தை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். என்ன ஒரு பெருந்தன்மை!

ஞாயிற்றுக்கிழமை வந்தால் வரிசை சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி நிற்கும். நிற்பவர்கள் எல்லோரும் சொறிந்துகொண்டே நிற்பார்கள். டிக்கெட் கவுண்ட்டரில் டோக்கன் கொடுத்தார்கள். அந்தத் தியேட்டரில் ஓடிய எந்தப் படமும் இப்படி ஒரு கூட்டத்தைக் கண்டதில்லை.

வித்தை இதுதான். மேசைமேல் ஒரு புட்டி, அதில் மந்திரத் தண்ணீர். கழுத்தய்யா பஞ்சை அதில் நனைப்பார். மூக்கைப் பிய்த்துக்கொண்டு போகும் நெடி. "கண்ணேறு மிரண்டு ஓடுற வாடை" என்பார். பிறகு பஞ்சை வந்தவர் கையிலேயே கொடுத்துவிடுவார்.

"நான் தொட மாட்டேன். நான் தொட்டா தில்லுமுல்லுன்னு நாலு பேர் பேசுவாங்க. உங்க சங்கிலி, உங்க கை. நீங்களே தேய்ங்க."

தேய்ப்பார்கள். வெள்ளைப் பஞ்சு இளஞ்சிவப்பாகும். கூட்டம் "ஐயய்யோ!" என்று ஒரே குரலில் அலறும்.

"உங்களைப் பார்த்து வயிறெரிஞ்சவங்க பார்வை. ரத்தமா கசியுது பாருங்க."

மேசையோரம் ஆணியில் காப்புச் சங்கிலி ஒன்று தொங்கும். அதில் தேய்த்தால் பஞ்சு பால்போல வெள்ளையாகவே இருக்கும். அதே மாதிரி சங்கிலியைப் பாக்கெட்டில் வாங்கிப் போய்க் கழற்றாமல் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டபின் அரிப்பு நின்றால் சங்கிலியின் மகிமை. அரிப்பு கூடினால்? உள்ளே இருந்த கெட்டது வெளியே வருகிறது, இன்னும் தடிமனாக ஒன்று வாங்கு. எப்படி விழுந்தாலும் ஐயா மடியிலேயே விழும் கணக்கு. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே ஜனங்கள் வாங்கினார்கள்.

இங்கே காலரக்கா வந்து மாட்டிக்கொண்டதற்குக் காரணம் அவள் கல்யாணம். அவள் சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். அதனால் அந்தப் பெயர். ஆயிரம் கழுத்துக்கு அளவாகத் தைத்தவளுக்குத் தன் கழுத்து மட்டும் தகராறு. நிச்சயத்தன்று வருங்கால மாமியார் போட்டுவிட்ட சங்கிலியால் மறுநாளே கழுத்தைச் சுற்றித் தோல் செக்கச்செவேல் என்று தடித்துவிட்டது.

"எங்க வீட்டுச் சுத்தத் தங்கம். அதையே ஏத்துக்காத கழுத்துன்னா என்ன கழுத்து அது?" என்று மாமியார் தெருத்தெருவாகக் கேட்டாள். கேட்டது போதாதென்று அவளைக் கழுத்தய்யாவிடம் இழுத்தும் வந்தாள். நிச்சயச் சங்கிலியில் தேய்த்த பஞ்சு ஜோராகச் சிவந்தது.

"கெட்டது பொண்ணு உடம்புலயே இருக்கும்மா. என் சங்கிலி போட்டும் கழுத்து தெளியலைன்னா, இந்தச் சம்பந்தம் ஆகாது."

காலரக்கா அம்மாவின் அழுகைக்காக அவர் கொடுத்ததையும் போட்டாள். கழுத்தில் நீர் கோத்துக் கொப்புளம் வந்தது. போதுமடா சாமி என்று கழற்றி வைத்துவிட்டு, இரண்டு சங்கிலியையும் பையில் போட்டுக்கொண்டு தோல் டாக்டரம்மாவிடம் போனாள்.

டாக்டரம்மா கழுத்தைப் பார்த்தார். "ஜீன்ஸ் பட்டன் படுற இடத்துல, தொப்புளுக்குக் கீழ, அங்கயும் அரிக்குமா?"

காலரக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்களும் குறி சொல்றீங்களா டாக்டர்?"

"குறியும் இல்லை, கிறியும் இல்லை. நிக்கல்னு ஒரு உலோகம் இருக்கு. மட்டமான நகை, பட்டன், பக்கிள்னு நிறையப் பொருள்ல கலந்திருக்கும். சில பேர் தோலுக்கு அது ஆகாது. இருங்க, காட்டுறேன்."

அலமாரியிலிருந்து ஒரு சின்னப் புட்டி வந்தது. மூடியைத் திறந்ததும் அதே நெடி. பஞ்சை நனைத்துக் கழுத்தய்யா கொடுத்த சங்கிலியில் தேய்த்தார். அதே இளஞ்சிவப்பு.

காலரக்கா சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். டாக்டரம்மா பயந்துபோய் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"நிக்கல் இருந்தா சிவக்கும், அவ்வளவுதானேம்மா. இதுல சிரிக்க என்ன இருக்கு?"

விஷயத்தைச் சொன்னதும் அவரும் சிரித்தார். பிறகு நிச்சயச் சங்கிலியைத் தேய்த்தார். அதுவும் சிவந்தது.

"இது தங்கமாச்சே டாக்டர்?"

"நல்ல மஞ்சள் தங்கத்துல இப்படி வராது. இது கவரிங்மா. மருந்து எழுதித் தர்றேன். கழுத்துல துணி போடுங்க, நூல் போடுங்க, கண்ணாடி மணி போடுங்க. கொக்கி மட்டும் உலோகமா இருக்க வேண்டாம்."

காலரக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

மாப்பிள்ளை பஸ் டிப்போவில் மெக்கானிக். நேராக அங்கே போய் நின்றாள். "அந்தச் சங்கிலி கவரிங்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான். "தெரியும். தங்கம் வாங்கக் கையில வழி இல்லை. வெளிய தெரிஞ்சா கௌரவம் போயிடும்னு அம்மா..."

"ஓஹோ! உங்கம்மா என்னைப் பீடைன்னு ஊரெல்லாம் சொன்னப்போ, நீங்க வாயை வாடகைக்கு விட்டிருந்தீங்களா? கவரிங்னு சொல்லியிருந்தா நான் முகம் சுளிச்சிருப்பேனா?"

அவளுக்கு அழுகை முட்டியது. இவனைப் பிடித்துத்தானே சம்மதித்தாள்.

"ஞாயித்துக்கிழமை நான் கழுத்தய்யாகிட்ட வர்றேன், நீங்களும் வாங்க. உங்க வீட்டுச் சங்கிலியைப் பத்தி என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது. அது உங்க வாயிலேர்ந்து வரணும். வரலைன்னா எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

ஞாயிறு வந்தது. தியேட்டர் முன்கூடத்தில் மாமியாரும் மாப்பிள்ளையும் காத்திருந்தார்கள். அவள் கழுத்தில் அவளே தைத்த ஒரு பட்டை. காலர் துணியை மடித்து, ஓரத்தில் கண்ணாடி மணி கோத்து, கொக்கிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் சட்டைப் பட்டன் வைத்திருந்தாள். காலர் பட்டனைவிடக் கழுத்துக்குப் பொருத்தமானது எது?

கழுத்தய்யா பட்டையை விலக்கிப் பார்த்து உச்சுக் கொட்டினார். "கெட்டது ஆழமா இறங்கியிருக்கு."

"அப்போ சம்பந்தத்தை வெட்டி விட்டுடலாமாய்யா?" என்றாள் மாமியார்.

"அவசரப்படாதம்மா. இருக்கிறதுலயே தடிமனான சங்கிலி ஒண்ணு இருக்கு. கடைசியா அதைப் போட்டுப் பார்த்துடுவோம்."

வியாபாரம் முடியாமல் சம்பந்தம் முறியலாமா?

"குடுங்கய்யா. அப்படியே பஞ்சும் குடுங்க" என்றாள் காலரக்கா. பஞ்சை அவர்தானே கையில் கொடுத்துப் பழக்கியிருக்கிறார், கொடுத்தார். அவள் பாக்கெட்டைக் கிழித்து, அந்தப் புத்தம்புதுச் சங்கிலியிலேயே தேய்த்தாள்.

பஞ்சு சிவந்தது.

"ஐயா, உங்க காப்புச் சங்கிலியைப் பார்த்து வயிறெரிஞ்சது யாரு?"

கழுத்தய்யா லேசுப்பட்டவரா? "பார்த்தீங்களா ஜனங்களே! இவ கை பட்டதும் ஒட்டிக்கிச்சு!" கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. இந்தக் கூட்டத்துக்கு ஆமாம் போடச் சம்பளம் கூட வேண்டியதில்லை.

காலரக்கா வரிசையில் முதலாவதாக நின்ற தபால்காரரிடம் மேசைமேல் இருந்த பாக்கெட் தட்டையும் பஞ்சையும் புட்டியையும் காட்டினாள். "நீங்க தேய்ங்கண்ணே. நான் வெளிய போயிடுறேன். என் கை, என் மூச்சு, எதுவும் வேண்டாம்." போய்க் கம்பிக் கதவுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டாள்.

தபால்காரர் புதுப் பஞ்சை நனைத்து ஒரு சங்கிலியைத் தேய்த்தார். சிவப்பு. இன்னொன்று. சிவப்பு. பக்கத்திலிருந்த ஆள் வேறு பஞ்சை நனைத்துத் தன் பெல்ட் பக்கிளில் தேய்த்தான். சிவப்பு. வேறொருத்தி கவுண்ட்டர் பூட்டில் தேய்த்தாள். அதுவும் சிவப்பு.

"ஏய்யா, பூட்டைப் பார்த்துமா பொறாமைப்படுவாங்க?" என்று யாரோ கேட்க, முன்கூடம் முதல்முறையாகச் சிரித்தது.

"அந்த ஆணிச் சங்கிலி மட்டும் ஏன் வெளுப்பாவே இருக்கு?" என்று கதவுக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்தாள் காலரக்கா. "சுரண்டிப் பாருங்கண்ணே!"

"தொடாதே!" என்று கழுத்தய்யா பாய்வதற்குள் தபால்காரர் நகத்தால் சுரண்டிவிட்டார். கண்ணாடிபோல மெல்லிய தோல் ஒன்று உரிந்து வந்தது. நகப்பூச்சு! சுரண்டிய இடத்தில் புதுப் பஞ்சை வைத்தார். சிவப்பு.

இப்போது எல்லோரும் கழுத்தய்யாவைப் பார்த்தார்கள். மகானுக்கு வேர்த்துக் கொட்டியது. "என்னை என்னதான் பண்ணச் சொல்றீங்க? கவரிங் கடை வெச்சேன். அரிக்குது அரிக்குதுன்னு அத்தனையும் திரும்பி வந்துடுச்சு. பெட்டி பெட்டியாத் தேங்கிக் கிடக்கு. சும்மா குடுத்தாலும் வேண்டாம்னீங்க. சாமி சரக்குன்னதும் அடிச்சுப் பிடிச்சு வாங்கினீங்க!"

கூட்டம் சட்டையைப் பிடித்தது. அந்த அமளியிலும் மாமியார் விடவில்லை. கதவருகே வந்து கத்தினாள்: "இவன் சரக்கு போலி, சரி. எங்க வீட்டுச் சங்கிலி சுத்தத் தங்கமாச்சே! அதுல தேய்ச்ச பஞ்சு ஏன் சிவந்துச்சு? சொல்லுடி!"

எல்லாத் தலையும் காலரக்கா பக்கம் திரும்பியது. அவள் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"அம்மா, அது கவரிங்" என்றான் அவன்.

"டேய்!"

"கவரிங்தாம்மா. வாங்கும்போதே நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும். அவ கழுத்துல ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் என் வாயிலதான். மன்னிச்சிடு" என்று காலரக்காவைப் பார்த்துச் சொன்னான். ஊரே கேட்கச் சொன்னான். மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். காலரக்கா உள்ளே வந்து, "எழுந்திருங்க அத்தை, வீட்டுக்குப் போலாம்" என்று கை கொடுத்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டம் என்றால் சும்மாவா? வரிசையில் நின்ற ஓர் அம்மாள் பயபக்தியோடு முன்னால் வந்து, காலரக்காவின் கழுத்துப் பட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"தாயே! ஐயாவையே ஜெயிச்ச கழுத்து. உன் கையால எனக்கும் ஒண்ணு கட்டி விடும்மா. என் அரிப்பெல்லாம் அடங்கட்டும்."

அவள் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் பெல்ட்டுக்காரன். ஒரு நிமிடத்தில் புது வரிசை சைக்கிள் ஸ்டாண்டைத் தொட்டுவிட்டது. கும்பிட்ட கைகள், ஆவலான கண்கள்!

காலரக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். "துணி வாங்கி வீட்டுலயே தைச்சுக்கோங்க. அரிச்சா டாக்டரைப் பாருங்க. இவ்வளவு நாள் கழுத்தைச் சொறிஞ்சது போதும். இனிமேலாவது தலையைச் சொறிஞ்சு கொஞ்சம் யோசிங்க!"