கயிற்றின் நீளத்தை யாரும் சொல்லவில்லை

சட்டம் போடுகிறவர்கள் ரொம்ப நல்லவர்கள். ஊரே தங்களைப் போல யோசிக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். "நாயைக் கயிறு கட்டித்தான் கூட்டிவர வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், எல்லோரும் வீட்டுக்குப் போய்க் கயிறு தேடுவார்கள். எவளாவது ஒருத்தி மட்டும் நின்று, "எவ்வளவு நீளக் கயிறு?" என்று கேட்பாள். எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் அந்த ஒருத்தி நான்.

எனக்குச் சொந்த ஊர் ஆரம்பாக்கம். கல்யாணமாகிக் குப்பத்துக்கு வந்தபோது பீரோ, கட்டில், தையல் மிஷின் ஆகியவற்றோடு ராக்கெட் என்ற நாயும் வண்டியில் ஏறி வந்தது. நைனா அதை எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். "மாப்ள வீட்ல இன்னா நினைப்பாங்க?" என்றார். நான் கேட்கவில்லை. ராக்கெட்டின் அம்மா தெற்கிலிருந்து வந்த அசல் வேட்டை இனம். அப்பா, ஆரம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட். அம்மாவின் ஒல்லி உடம்பும் நீளக் காலும் அப்பாவின் திருட்டுப் புத்தியும் ஒன்றாகச் சேர்ந்த பிறவி அது.

வந்த அன்றைக்கே என் மாமியார் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, விலா எலும்பெல்லாம் தெரியுது? சோறு கீறு போட்டியா இல்லியா?"

"வேட்டை நாய் அப்படித்தான் இருக்கும் அத்தை."

"வேட்டையா? இன்னாத்த வேட்டையாடும்?"

அதுவரை ராக்கெட் வேட்டையாடியவை பிஸ்கட் பாக்கெட்டும் இடது கால் செருப்பும்தான். (வலது காலை ஏன் தொடாது என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.) புது மருமகள் கெத்தை விடலாமா? "எதை விட்டாலும் பிடிச்சிட்டு வரும்" என்று சொல்லிவிட்டேன். மாமனார் அதைக் கேட்டுவிட்டார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அதனாலேயே மற்றவர்கள் சொல்வதை அப்படியே நம்புவார். வலை பின்னுகிற இடத்தில் போய், "என் மருமவ அசல் வேட்டை நாயி இட்டாந்துகிறா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

ராக்கெட் வேட்டையைத் தொடங்கியது. பக்கத்து வீட்டு வாசலில் காய்ந்த கருவாட்டை வேட்டையாடியது. எதிர் வீட்டுக் கருவாட்டையும் வேட்டையாடியது. பெண்கள் வாசலில் வந்து சத்தம் போட, மாமனார் என்னைக் கூப்பிட்டார்.

"ஒண்ணு அத்த ஒழுங்கா பழக்கு. இல்ல ஆரம்பாக்கத்துக்கே அனுப்பிடு."

என் வீட்டுக்காரர் விடிவதற்கு முன் கடலுக்குப் போய், வெயில் ஏறித் திரும்பி, சாப்பிட்டுத் தூங்குகிறவர். புது ஊரில் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஜீவன் ராக்கெட்தான். (காது கொடுத்தது, கீழ்ப்படியவில்லை. அது வேறு விஷயம்.) அதை அனுப்பிவிட்டு நான் யாரோடு பேசுவது? ஆகவே போனில் வீடியோ பார்த்து வேட்டை நாய் பழக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு வெள்ளைக்காரர் துணிப் பொட்டலத்தைத் தூக்கி எறிவார். நாய் ஓடிப் போய் எடுத்து வந்து அவர் கையில் வைக்கும். அவ்வளவுதானே?

அதற்குத் திறந்த வெளி வேண்டும். குப்பத்துக்குப் பின்னால், ஏரித் தண்ணீர் வற்றிக் கிடந்த சேற்று வெளி ஒன்றுதான் அப்படி இருந்தது. அங்கே வேட்டைத் தடுப்புக் காவலர் ஏழுமலை அண்ணன் நின்றிருந்தார். வனத்துறைக்காகக் காவல் பார்க்கும் அவர், பக்கத்துக் குப்பத்துக்காரர். வேட்டை நாயோடு வேட்டைத் தடுப்புக் காவலரிடம் போய் நின்ற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"பறவைங்க முட்டை போடுற நேரம்மா இது. அந்தா, வெள்ளத் துணி கட்டின குச்சிங்க தெரியுது பாரு, அதுக்கு அப்பால ஆளுங்க போவக் கூடாது. இப்பால நாயி வரலாம், ஆனா கயிறு கட்டித்தான் இட்டாரணும். குஞ்சு பறக்குற வரைக்கும் இதான் ரூல்."

"பழக்கலாமாண்ணா?"

"இன்னாத்துக்குப் பழக்குறே?"

"வேட்டைக்கு... இல்லண்ணா, தூக்கிப் போட்டதை எடுத்துனு வர்றதுக்கு."

அவர் தலையைச் சொறிந்தார். "வேட்டையே கூடாது. அப்போ வேட்டை நாயிக்கு டிரெய்னிங் குடுக்கலாமா கூடாதா? ஒண்ணும் பிடிக்கலன்னா அது வேட்டையா, வெளாட்டா?" என்று என்னையே கேட்டார். இரண்டு பேரும் வெயிலில் நின்று இதை ரொம்ப நேரம் யோசித்தோம். கடைசியில், "வெளாட்டுனு வெச்சிக்குவோம். ஆனா கயிறு கட்டணும்" என்றார்.

அப்போதுதான் கேட்டேன். "எவ்ளோ நீளம்ணா?"

"நீளமா?" ஏரியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "அத்த யாரும் சொல்லலியே."

அடுத்த நாள் மாலை, மாமனார் படகின் நங்கூரக் கயிறு முழுவதையும் தூக்கிக்கொண்டு ஏரிப் பக்கம் போனேன். ஒரு நுனி ராக்கெட்டின் கழுத்துப் பட்டையில். மறு நுனி என் இடுப்பில். (வெள்ளைக்காரரும் இடுப்பில்தான் கட்டியிருந்தார். அவருடைய கயிறு ஒரு பாவாடை நாடா அளவுதான் என்பதை நான் கவனிக்கவில்லை.) வேட்டை நாயைப் பார்க்கக் குப்பமே வந்திருந்தது. மாமியார் பக்கத்து வீட்டுப் பெண்களோடு, சினிமாவுக்கு வந்தவர் மாதிரி கரையில் உட்கார்ந்திருந்தார். ஏழுமலை அண்ணன் என் காலடியில் மலைபோல் சுருண்டு கிடந்த கயிற்றைப் பார்த்துவிட்டு, "இது கயிறாம்மா, இல்ல..." என்று இழுத்தார். ஆனால் குற்றம் சொல்ல அவருக்கும் ரூலில் ஒன்றும் கிடைக்கவில்லை.

பொட்டலத்தை எறிந்தேன். ராக்கெட் அதைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. கொட்டாவி விட்டது. கரையில் சிரிப்பு கிளம்பியது.

அந்த நேரம் சேற்றில் ஒரு பறவை நடந்து வந்தது. குச்சி போல நீளமான சிவப்புக் கால். ஒரு இறக்கை கீழே தொங்கியது. தத்தித் தத்தி நாலடி நடந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது.

"ஐயோ பாவம், இறக்கை ஒடிஞ்சி போச்சே" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ராக்கெட் கிளம்பிவிட்டது. அதன் அம்மா பக்கத்து ரத்தம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக விழித்துக்கொண்டது.

காலடியில் இருந்த கயிறு சர்ரென்று அவிழ்ந்தது. சுருள் சுருளாக அது குறைந்துகொண்டே போன அழகை நான் ஆர்வமாக வேடிக்கை பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கயிறு எங்கே போய் முடிகிறது என்ற நினைப்பு மட்டும் வரவே இல்லை.

பிறகு வந்தது. வரும்போது நான் காற்றில் இருந்தேன்.

வழுக்குச் சேறு. கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் புடவை. குப்புற விழுந்த நான் படகு மாதிரி போனேன். வெள்ளைத் துணி கட்டிய குச்சி ஒன்று என் காதோரம் கடந்து போனதைப் பார்த்தேன். பின்னாலிருந்து மாமனாரின் அலறல் கேட்டது: "யம்மா! அது என் நங்கூரக் கயிறு!"

திடீரென்று எல்லாம் நின்றது. இறக்கை ஒடிந்த பறவை இரண்டு இறக்கையையும் நன்றாக விரித்து, ஜம்மென்று பறந்து போய்விட்டது. ராக்கெட் வானத்தைப் பார்த்துத் திகைத்து நின்றது. எனக்கும் திகைப்புதான்.

"அசையாதே!" ஏழுமலை அண்ணன் கத்தினார். "கஸ்தூரி, இருக்குற எடத்துலயே இரு! ஒரு கைய கூட ஊனாதே!"

ஏன் என்று பார்த்தேன். என் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நாலு கூழாங்கல் இருந்தன. மண் நிறம், கறுப்புப் புள்ளி, நாலின் கூர்முனையும் நடுவைப் பார்த்தபடி. கல் இவ்வளவு ஒழுங்காகக் கிடக்குமா என்று யோசித்த பிறகுதான் உறைத்தது. முட்டைகள்! கண் பழகப் பழக, என்னைச் சுற்றி அங்கங்கே அப்படித்தான். கூடும் இல்லை, வேலியும் இல்லை. வெறும் தரையில், இந்தா மிதித்துக்கொள் என்பது போல வைத்திருந்தன.

அதற்குள் அங்கே முட்டையிட்டிருந்த ஆலாப் பறவைகள் வந்துவிட்டன. வெள்ளை உடம்பு, தலையில் கறுப்புத் தொப்பி, வாயில் கெட்ட வார்த்தை. ஒவ்வொன்றாகத் தலைக்கு நேரே பாய்ந்து, தொடுவது போல வந்து, எச்சமிட்டுவிட்டுப் போயின. குறி ஒன்றுகூடத் தப்பவில்லை. எங்கள் அசல் வேட்டை நாய் வாலை இடுக்கிக்கொண்டு, கயிற்றோரமாகவே ஊர்ந்து வந்து, என் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.

"அண்ணா, எப்படித் திரும்பி வர்றது?" அழுகையே வந்துவிட்டது.

"வந்த காலடித் தடத்துலயே திரும்பி வா!"

"நான் நடந்து வரலியேண்ணா!"

அவர் சேற்றில் நான் இழுபட்ட கோட்டைப் பார்த்தார். "அப்போ... இஸ்துனு போச்சே, அந்தத் தடத்துலயே வா. அதுலதான் முட்ட கிட்ட இல்ல."

நாயை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, குப்பத்தைப் பார்த்து உட்கார்ந்த வாக்கில், இழுபட்ட தடத்தில் நகர்ந்து நகர்ந்து வந்தேன். கட்டிக்கொடுத்த ஊருக்கு மறுபடி ஒருமுறை மணப்பெண்ணாக வந்த மாதிரி இருந்தது. இந்த முறை ஆரத்தி ஆலாக்கள் எடுத்தன.

கரைக்கு வந்ததும் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. கயிறு போன வழியைப் பார்க்க ஏழுமலை அண்ணன் மட்டும் மெல்ல உள்ளே போயிருந்தார். ஓரிடத்தில் குனிந்தார். கயிறு பட்டு ஒரு முட்டை சற்று உருண்டிருந்ததாம். உடையவில்லை. விரல் நுனியால் தள்ளிச் சேர்த்துவிட்டு வந்தார்.

"தாய் திரும்ப வருமாண்ணா?"

"தெரியலம்மா. பாக்கணும்."

சேறும் எச்சமுமாக அப்படியே நின்று பார்த்தேன். கரையிலும் ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை. அந்தச் சிவப்புக் கால் பறவைதான் வந்தது. இறங்கியது. எங்களைப் பார்த்தது. அந்தப் பக்கம் நடந்தது, இந்தப் பக்கம் நடந்தது. கடைசியில் அந்த நீளக் காலை இரண்டாக மடித்து, முட்டைகள் மேல் உட்கார்ந்தது.

"குந்திக்கிச்சி" என்றார் ஏழுமலை அண்ணன். அப்போதுதான் நான் முகத்தில் வழிந்த எச்சத்தைத் துடைத்தேன்.

"அப்போ அதுக்கு இறக்கை ஒடியவே இல்லியா?"

"நடிப்பும்மா. முட்டைக்கிட்டருந்து நாய வேற பக்கம் இஸ்துனு போறதுக்கு."

அதுவரை சிரிப்பை அடக்கி வைத்திருந்த மாமியார் வெடித்துச் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அத்த எங்கயும் அனுப்ப வாணாம்" என்று மாமனாரிடம் சொன்னார். "இது வேட்டை நாயி இல்ல, வெட்டி நாயி. இருந்துட்டுப் போவட்டும்."

அந்த வாரமே ஊர்க் கூட்டம் போட்டார்கள். என் மேல் எந்தக் குற்றமும் நிற்கவில்லை. நாய் கயிற்றில்தான் இருந்தது. குச்சிக்கு அப்பால் நானாகப் போகவில்லை, இழுத்துக்கொண்டு போனது. ஆகவே ரூலைத்தான் திருத்த வேண்டும் என்று முடிவாயிற்று. "கயிறு ஒரு கை நீளத்துக்கு மேல இருக்கக் கூடாது" என்றார் ஒருவர். எல்லோரும் சரி என்றார்கள். உடனே பின்னாலிருந்து ஒரு கிழவர், "யார் கை?" என்று கேட்டார். (என்னைப் போல இன்னொரு ஜீவன்!) ஆம்பளை கையா, பொம்பளை கையா என்று வாக்குவாதம் சூடாயிற்று. சண்டை வரும்போல ஆனதும் தலைவர் எழுந்து, "யாரால வந்துச்சோ அவ கை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இப்போதும் வெயில் காலம் தொடங்கினால், நாய் வைத்திருக்கிறவர்கள் கயிற்றோடு என் வாசலில் வந்து நிற்பார்கள். நான் தையல்காரி. கழுத்தில் டேப் தொங்குகிறது. "இந்தா, இத்தனை இஞ்ச், வெட்டிட்டுப் போ" என்றால் ஒருத்தரும் கேட்பதில்லை. "ரூல்ல டேப்பு இல்லக்கா, உன் கைதான் கீது. கொஞ்சம் நீட்டு" என்பார்கள். மிஷினை நிறுத்திவிட்டு நீட்டுவேன்.

போன வருஷம் என் மகளின் பள்ளிக்கூடத்தில், அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பிக் கேட்டிருக்கிறார்கள். இவள் எழுந்து நின்று, கையை நேராக நீட்டிக் காட்டிச் சொன்னாளாம்:

"எங்கம்மா ஸ்கேலு, மிஸ்."