வண்டல் பதிவேடு

மனித குலத்தின் துன்பங்களில் பாதி, எதையும் சரியாக அளக்காததால் வந்தது. மீதிப் பாதி, அளந்ததை மூன்று பிரதி எடுக்காததால் வந்தது. பதினெட்டு வருடம் புள்ளிவிவரப் பிரிவில் எழுத்தராக இருந்து ஆவுடையப்பன் கண்டடைந்த ஞானம் இது.

ஆகவே 1979 ஆடியில், சங்கரன்கோவிலில் அவர் வீட்டுக் கிணற்றில் வாளி அறுந்து விழுந்து, பாதாளக்கரண்டி போட்டு எடுத்ததில் தண்ணீர் கலங்கியபோது, அவர் பதறவில்லை. "வண்டல் பதிவேடு" ஒன்றைத் திறந்தார்.

தினமும் காலை ஐந்தரைக்கு "ஆய்வு". முடிச்சுப் போட்ட கயிற்றில் ஐந்து கிலோ எடைக்கல்லைக் கட்டி, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, நடு என ஐந்து இடங்களில் அடிவரை இறக்குவார். கல் சேற்றில் எவ்வளவு புதைகிறது என்று பார்த்துச் சராசரி எழுதுவார். அதன் பிறகே மனைவி தங்கத்தாய் வாளியைப் போடலாம். நிர்வாகம் என்றால் ஒரு முறை வேண்டாமா?

பதிவேடு வளர்ந்தது. சோறு காவி கட்டியது. தங்கத்தாய் தண்ணீர் தெளியத் தேத்தாங்கொட்டையைப் பானையில் உரசிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஆமினாளிடம் குடம் குடமாக வாங்கினாள். பத்து நாள் பொறுத்தாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள தெளியணும். இல்லன்னா சிவகிரிக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்."

"அவசரப்படாத. அட்டவணை முடியட்டும்."

"அட்டவணையவா குடிக்கச் சொல்லுதிய?"

அவள் சொன்னால் செய்வாள். ஆவுடையப்பனுக்கோ வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. பயத்தில் மாலையிலும் ஓர் ஆய்வைச் சேர்த்தார்.

வியாழன் மாலை தூர் வார சண்முகையா வந்தபோது, கல் இறங்கிக்கொண்டிருந்தது. தொப். அடியிலிருந்து சேறு குபுகுபுவென்று மேலே வந்தது.

"அண்ணாச்சி, இத எத்தன நாளாச் செய்யுதிய?"

"ஒரு நாள் விடல வே!" என்றார் பெருமையாக.

சண்முகையா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். "வாளி விழுந்து கலங்குன தண்ணி ரெண்டே நாள்ல தெளிஞ்சிருக்கும் அண்ணாச்சி. நீங்கதான் விடல."

ஆவுடையப்பனை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கடமை தவறாதவர். "கலங்கலுக்குக் காரணம்" என்று காலியாகக் கிடந்த கட்டத்தில் தன் பெயரையும் பதவியையும் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டார். மூன்று பிரதிகளிலும்.

நிமிர்ந்தால், தங்கத்தாய் துணிப்பையோடு நின்றாள்.

"சிவகிரிக்கா? அதான் காரணம் தெரிஞ்சிட்டுல்லா?"

"தெரிஞ்சதுனாலதான். இது உங்க பை. எங்க அண்ணன் வீட்டுல கெணறு கெடையாது, பைப்புதான். போய் இருங்க. இங்கன தண்ணி தெளிஞ்சதும் தாக்கல் சொல்லி விடுதேன்."