இடக்கைக்குத் தெரியாமல் கட்டிய நண்டு வலை

காரங்காடு,
தவக்காலம் ஐந்தாம் வாரம், செவ்வாய்க்கிழமை.

கமுதிப் பக்கம் ஆண்டவருடைய ஆடுகளை மேய்த்துக்கொண்டிருக்கும் வணக்கத்துக்குரிய ராயப்பன் சாமி அவர்களுக்கு, உங்கள் அப்பாவுடன் பிறந்த அத்தை இன்னாசியம்மாள் பயபக்தியோடு எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் மாதா புண்ணியத்தில் சுகம். உங்கள் சுகமும், உங்கள் பெரிய சாமியார் சுகமும், உங்கள் ஊர் மிளகாய்க் களத்தின் சுகமும் அறிய ஆவல். பட்டம் வாங்கிய குருவுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை இத்தோடு முடிந்தது. இனிமேல் நான் உன் அத்தை. ஏலே ராயப்பா, உன்னை யாருலே பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னது?

தவக்காலம் தொடங்கினதும் மூன்று நாள் தியானம் கொடுக்க வந்தாய். மற்ற சாமிமாரைப் போல நாலு பிரசங்கம் வைத்து, எங்களை அழவைத்து, நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தால் ஊரில் ஒரு குறையும் இருந்திருக்காது. நீயோ, "வேதப் புத்தகத்தைக் கண்ணுல ஒத்தி முத்திக்கிட்டே இருந்தா ஆச்சா, அதை வீட்டுலயும் கரையிலயும் வாழ்ந்து பாருங்க" என்று சொல்லி, டின்னைக் குலுக்கி ஆளுக்கொரு சீட்டு எடுக்கச் சொன்னாய். சீட்டில் உள்ள வசனத்தை ஈஸ்டர் பாஸ்கா வரைக்கும் கடைப்பிடிக்க வேண்டும், யாருக்கு எது வந்தது என்று யாரும் வாய் திறக்கக்கூடாது என்றாய். என் மருமகளுக்கு நாவைக் காக்கிற வசனம் வந்திருக்குமென்று நினைக்கிறேன். அன்று மூடிய வாயை அவள் மூன்று வாரம் திறக்கவில்லை. உன்னால் இந்த வீட்டுக்கு வந்த நன்மை அது ஒன்றுதான்.

எனக்கு வந்தது, தர்மம் செய்கிறபோது வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்கிற வசனம். படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தம்பட்டம் அடிக்கிறவர்களுக்கு வரவேண்டிய சீட்டு எனக்கு எதற்கு? நம் கோயில் மணிக்குக் கயிறு திரித்துக் கொடுத்தது நான்தான் என்பதை இந்த முப்பது வருஷத்தில் திருவிழாவுக்குத் திருவிழாதான் சொல்லியிருக்கிறேன், மற்ற நாளில் யாராவது மணி அடித்தால்தான் சொல்லுவேன். ஆனாலும் சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது முடிய மறைக்கல்வியில் முதல் பரிசு வாங்கியவள் நான். ஆண்டவர் பரீட்சை வைத்தால் எழுதாமல் எழுந்து வருகிற ஆள் இல்லை.

கீழத்தெருவில் மாரிச்செல்வம் என்று ஒருத்தன், நம் வேதம் இல்லை, நல்ல பையன், படகிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து கிடக்கிறான். அவன் பெண்டாட்டி யுவராணிதான் அலையாத்திக் காட்டு ஓரமாய் நண்டு வலை போட்டுக் குடும்பத்தை ஓட்டினாள். மாசி மாதம் எவனோ ஒருத்தன் விசைப்படகை ஓட்டிக்கொண்டு வந்து அந்த வலையை அறுத்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் கரையில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். என் மகன் வலைத் தொழிலை விட்டுச் சுற்றுலாக்காரர்களுக்குப் படகு ஓட்டப் போன பிறகு, அவன் வாங்கிவைத்த புது வலைப் பீஸ் பரணில் அப்படியே கிடக்கிறது. அதை இறக்கி, மேல்கயிற்றில் மிதப்பும் கீழ்க்கயிற்றில் ஈயமும் கோர்த்து, யாருக்கும் தெரியாமல் அவளுக்குக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

யாருக்கும் தெரியாமல் என்றால் எங்கே வைத்துக் கட்டுவது? கரையில் உட்கார்ந்தால் நூறு கண். அதனால் காய்ச்சல் என்று சொல்லிப் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். பொய்தான், அதை உன்னிடமே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன், இப்போது குறுக்கே பேசாதே. ஒன்பது நாள் கட்டினேன். மூன்றாம் நாள் மருமகள் கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டினாள், பேச்சு இல்லை. ஐந்தாம் நாள் என் பேத்தி சுவருக்கு அந்தப்பக்கம் நின்று, "அப்பத்தா, நீ செத்துப் போனா அந்தக் கட்டில் எனக்குத்தானே" என்று கேட்டாள். ஏழாம் நாள் எங்கள் தெருச் செபக்குழு அன்பியத்துக்காரர்கள் இருபது பேர் கோயில் உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு செபமாலையோடு வந்துவிட்டார்கள். எனக்கு வலையை ஒளிக்க நேரமில்லை. பாயை மேலே விரித்து வலை மேலேயே படுத்துக்கொண்டேன். ஐம்பத்துமூன்று மணி செபமாலையும், பிரார்த்தனையும், போதாததற்கு நல்மரணத்துக்கான மன்றாட்டும் முடிகிற வரைக்கும் அத்தனை ஈயக்குண்டும் என் முதுகில் எழுத்து எழுதின. வலியில் நான் முனகினேன். உபதேசியார், "பார்த்தீங்களா, செபத்துக்குக் கூடவே பதில் சொல்லுது பெரியம்மா" என்று கண்ணைத் துடைத்தார். செங்கோல்மேரி என் காலடியில் உட்கார்ந்து எல்லாரையும்விடச் சத்தமாய் அழுதாள். என் தெருவில் நாலாவது வீட்டுக்காரி, எனக்கு ஆறு வயது இளையவள், நாற்பது வருஷமாய் நான் எதைச் செய்தாலும் பக்கத்தில் வந்து நிற்கிறவள், உனக்குத் தெரியுமே. அவள் பெயரை இங்கே எழுதும்போதே பேனா அடைக்கிறது.

வலை கட்டி முடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கம் தொடங்கினதும், காய்ச்சல் இன்னும் விடவில்லை என்று சைகை காட்டிவிட்டு எழுந்து போனேன். எங்கள் பங்குச்சாமி பிரசங்கம் எப்படியும் அரைமணி நேரம், அது உனக்குத் தெரியும். வீட்டிலிருந்து வலையைச் சாக்கில் சுருட்டித் தூக்கிக்கொண்டு போய், யுவராணி தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து அவள் வேலியில் தொங்கவிட்டேன். திரும்புவதற்குள் குடத்தோடு அவள் வருகிற சத்தம். ஓடுகிற வயதா எனக்கு? அங்கன இருந்த தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரத்தில், பிரசங்கம் முடிந்த பிறகே பூசைக்கு வருகிற பழக்கமுள்ள செங்கோல்மேரி, தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு அந்த வழியாக வந்தாள். வந்தவள் கோயிலுக்குப் போகவேண்டியதுதானே? நின்றாள். வேலியைப் பார்த்தாள். வலையில் ஒரு கையை வைத்தாள். யுவராணி குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "அக்கா, இது யாருக்குக்கா, எனக்காக்கா" என்று அழுதுகொண்டே அவள் காலில் விழுந்துவிட்டாள்.

அவள் பொய் சொன்னாளா என்றால், இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "எல்லாம் மாதா செயல் ஆத்தா, எந்திரி, நல்லபடியா வலையைப் போடு" என்றாள். மாதாவுக்கு நண்டு வலை கட்டத் தெரியுமா? நான் டிரம்முக்குப் பின்னால் முழங்கால் மரத்துப்போய், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் அவள் முக்காட்டைப் பிடித்து இழுத்திருப்பேன். உன் சீட்டு என் ரவிக்கைக்குள் இருந்து குத்தியது.

அன்று முதல் இந்த ஊரில் காது கொடுக்க முடியவில்லை. தண்ணீர்க் குழாயில் செங்கோல்மேரி, ஐஸ் கம்பெனியில் செங்கோல்மேரி, அன்பியத்தில் செங்கோல்மேரி. அவளுக்குக் கோழியைக் கட்டிப்போடக்கூட ஒழுங்காய் முடிச்சுப் போடத் தெரியாது. யுவராணி அந்த வலையை என் வாசலுக்கே தூக்கிக்கொண்டு வந்து, "அம்மாச்சி, அந்த அக்கா எம்புட்டு நேர்த்தியாக் கோத்திருக்காங்க பாருங்க" என்று என் முடிச்சை எனக்கே காட்டினாள். "சுமாரா இருக்கு" என்றேன். அதுவரைக்கும் மூன்று வாரம் பேசாத மருமகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்: "உங்களை மாதிரி வலை கட்டத் தெரியாட்டியும் அந்தம்மாவுக்கு மனசு இருக்கு அத்தை." விரதத்தை முறிக்க அவளுக்குக் கிடைத்த வாக்கியத்தைப் பார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பெரிய வியாழனன்று, ஆண்டவர் சீடர்களுக்குச் செய்த மாதிரி, பாதம் கழுவப்படப்போகிற பன்னிரண்டு பேரின் பெயரைப் பீடத்தில் வாசித்தார்கள். இப்போதுதான் பெண்களுக்கும் கழுவலாம் என்று வந்துவிட்டதே, இந்த வருஷம் மூன்று பெண்களாம். நான் வெள்ளைச் சேலையைப் போன மாதமே துவைத்துப் பெட்டியில் வைத்திருந்தேன். மூன்றாவது பெயராக, "ஏழைக்கு மறைவாக வலை கொடுத்த செங்கோல்மேரி" என்று உபதேசியார் ஒலிபெருக்கியில் வாசிக்கிறார். மறைவாகவாம். ஒலிபெருக்கியில். மறைவில் காண்கிற தந்தை கைம்மாறு கொடுப்பார் என்று அந்த வசனத்துக்கு அடுத்த வரியிலேயே போட்டிருக்கிறது. கொடுத்தார். நாலாவது வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

எங்கள் பங்குச்சாமிக்கு முழங்கால் வலி, குனிய முடியாது, அதனால் கழுவ வருகிறவன் நீ. என் தம்பி மகன், நான் குளிப்பாட்டி வளர்த்த பிள்ளை, கோயில் நடுவில் மண்டியிட்டு அவள் காலைக் கழுவித் துடைத்து முத்தமிடப் போகிறாய், நான் பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதனால் ஒழுங்காய்க் கேட்டுக்கொள். அன்றைய பிரசங்கத்தில், வலை கொடுத்தது வேறு ஒருவர் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. பெயர் சொல்லவேண்டாம், அது வசனத்துக்கு விரோதம். "என் அத்தை" என்று மட்டும் சொன்னால் போதும். உனக்கு நான் சொல்லிவிட்டேனே, வசனம் உடைந்துவிட்டதே என்று பார்க்காதே. குருவானவர் ஆண்டவருடைய காது. வசனத்தில் கைதான் இருக்கிறது, காது இல்லை. இந்தக் கடிதத்தைக்கூட வலக்கையால்தான் எழுதுகிறேன். இடக்கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன், தாள் பறக்காமல் அம்மிக் குழவியை வைத்திருக்கிறேன். இதற்கும் நீ மாட்டேன் என்றால், அவள் முறை வரும்போது செம்பில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அடுத்த ஆளுக்குப் போ. அதையும் செய்யாவிட்டால் உனக்கு அத்தையும் இல்லை, கருவாடும் இல்லை.

சாமி என்பதால் உன் ஆசீரை நான் கேட்க வேண்டும், அத்தை என்பதால் என் ஆசீரை உனக்கு நான் தர வேண்டும். இரண்டும் பரமக்குடி பஸ் நிலையத்தில் சந்தித்துக்கொள்ளட்டும். வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே. நேரத்துக்குச் சாப்பிடு. நம் கோயில் செங்கோல் மாதா உன்னைக் காப்பாளாக.

இப்படிக்கு,
கோபம் தணியாத உன் அத்தை,
இன்னாசியம்மாள்.

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பது எதையும் படிக்காதே. இதை முதலில் படி என்று தலைப்பில் எழுத இடமில்லை. கிழித்துப் போட்டால் மருமகள் துண்டுகளை ஒட்டவைத்துப் படித்துவிடுவாள், அதனால்தான் உனக்கே அனுப்புகிறேன், அங்கே அடுப்பில் போடு.

உறையை ஒட்டப் போகும்போது செங்கோல்மேரி வந்தாள். நான் முகம் கொடுக்கவில்லை. அவளாகவே அழுத கண்ணோடு தரையில் உட்கார்ந்தாள். "மதினி, பங்குச்சாமிக்கிட்ட நான் மாட்டேன்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன். அவரு அதையும் தாழ்ச்சின்னு சொல்றாரு. நீங்க வந்து சொல்லுங்க" என்றாள். "நான் எதுக்குச் சொல்லணும், வலை குடுத்த புண்ணியவதி நீதானே" என்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அன்னைக்கு உங்க சேலை பாதி டிரம்முக்கு வெளிய கிடந்துச்சு மதினி. யுவராணி ஒரு எட்டு வச்சிருந்தா உங்களைப் பார்த்திருப்பா. நீங்க ஒளிஞ்சு இருந்ததைப் பார்த்தா சொல்லக்கூடாத சீட்டுன்னு தோணுச்சு. குறுக்க போய் நின்னேன். அவ என் கால்ல விழுவான்னு கண்டேனா? மறுத்தா யாருன்னு தேடுவா. என் சீட்டும் அப்படிப்பட்டதுதான், விடுங்க" என்றாள். இத்தனை நாளும் ஊர் புகழ்ந்ததை நான் தின்ற மாதிரி அவளும் விழுங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அதுவும் வெளியே தெரியாமல். இந்தப் பரீட்சையிலும் அவளே எனக்கு மேலே போய்விட்டாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல்.

பிறகு எதற்கு அழுகிறாய் என்று கேட்டேன். காலை நீட்டினாள். சேற்றில் சிப்பி பொறுக்கிப் பொறுக்கிக் குதிகால் முழுக்க வெட்டும் வெடிப்பும், நகம் இரண்டு இல்லை. "இந்தக் காலையா ராயப்பன் சாமி முத்தணும்? நான் வரமாட்டேன் மதினி" என்றாள். ஒலிபெருக்கியில் பெயர் வாசித்த பிறகு வராமல் இருந்தால் ஊர் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்கும். வேறு வழி? வெந்நீர் வைத்து, உப்புப் போட்டு, கல்லால் தேய்த்து, தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் வைத்துக் கட்டிவிட்டேன். தேய்க்கிற நேரமெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டேதான் தேய்த்தேன். பெரிய வியாழன் வரைக்கும் தினமும் வரச் சொல்லியிருக்கிறேன். இது உன்னோடு இருக்கட்டும்.

பிரசங்கத்தில் அத்தை கித்தை என்று எதுவும் சொல்லாதே. செம்பு நிறையத் தண்ணீர் வைத்துக்கொள். அவள் முறை வரும்போது அழுத்தித் துடைக்காதே, வலது குதிகாலில் உள்ள வெட்டு ஆழம், அதற்குள் ஆறாது.