மூன்று பெட்டிக் கருப்பட்டியும் ஒரு சேதியும்

தூத்துக்குடி,
18.1.1944

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை தேவதாசன் அவர்களுக்கு, மாமனார் ஞானையா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். குண்டுச் சத்தம் எட்டாத இடத்தில் உங்களையும் ஆண்டவர் வைத்திருக்கட்டும்.

முதலில் மன்னிப்பு. உங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதமாகிறது. மகள் ஜெபசெல்வியும் பிள்ளையும் நலம். சேதியை நான் உடனே அனுப்பிவிட்டேன். அதுதான் உங்களிடம் வந்து சேரவில்லை.

நம் வீட்டில் பிள்ளை பிறந்த சேதி இனிப்போடுதான் போகும். வெறும் கடுதாசி போடக்கூடாது என்று ஜெபசெல்வியிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பட்டாளத்துச் சப்ளை டிப்போவில் இருக்கும் நீங்கள்தானே எழுதினீர்கள், தூரதேசத்துச் சண்டைக்கு எதையும் ஒரே வழியில் அனுப்பக்கூடாது என்று? முப்பது வருஷம் துறைமுகத்தில் சரக்கு ஏற்றிய குமாஸ்தாவுக்கு இது போதாதா? மூன்று ஓலைப்பெட்டி கருப்பட்டி வாங்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் சேதியை எழுதி வைத்து, மூன்று வழியில் அனுப்பினேன். முதல் பெட்டி ரயிலில் கல்கத்தா போய், மழையில் கிடந்து பாகாகி, ஒரு துரையின் பூட்ஸ் மூட்டைக்குள் இறங்கிவிட்டதாம். நஷ்டஈடு கேட்டு எனக்கு நோட்டீஸ் வந்தது. இரண்டாவது தோணியில் கொழும்புக்குப் போனது. அங்கே அது கப்பல் ஏறுவதற்குள் அதில் எறும்பு ஏறிவிட்டது. மூன்றாவதை, லீவு முடிந்து கிளம்பிய விளாத்திகுளம் சிப்பாய் சிவனாண்டி கையில் கொடுத்தேன். "அண்ணாச்சி, எந்தலையக் குடுத்தாவது கொண்டு சேத்துருதேன்" என்றான். அவனை நீங்கள் இருக்கும் கிழக்கே அனுப்பாமல் எகிப்துக்கு அனுப்பிவிட்டார்கள். கருப்பட்டி அருமை, பிள்ளைக்கு எங்கள் கம்பெனியின் வாழ்த்து என்று அங்கிருந்து எழுதுகிறான். எகிப்துக்கே தெரிந்துவிட்டது, பெற்ற தகப்பனுக்குத் தெரியவில்லை. இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, மாப்பிள்ளை.

ஆகவே வழக்கத்தை மீறி வெறும் கடுதாசியே போடுகிறேன். ஞானஸ்நானம் காத்திருக்கிறது, பெயர் எழுதி அனுப்புங்கள். இப்போதைக்கு வீட்டில் கிருபை என்று கூப்பிடுகிறார்கள், யார் தொடங்கியதோ தெரியவில்லை. பிடிக்காவிட்டால் மாற்றிவிடலாம்.

உங்களைச் சேதமில்லாமல் வீடு சேர்க்கும்படி தினமும் ஜெபிக்கும்,
ஞானையா

பின்குறிப்பு: உறை ஒட்டப் பசை கேட்டேன். ஜெபசெல்வி வந்து, "அப்பா, பிள்ளை பிறந்த வாரமே நான் காயிதம் போட்டுட்டேன். பதினெட்டு நாளுல அவுகளுக்குக் கெடச்சிட்டு. கிருபைன்னு பேரு வச்சதே அவுகதான். நீங்க ஆசையா பெட்டி கட்டிக்கிட்டு இருந்திய, சொல்ல மனசு வரல" என்கிறாள். நீங்களும் மூச்சு விடவில்லையே, மாப்பிள்ளை! போகட்டும், ஐந்து மாதப் பாரம் நெஞ்சை விட்டு இறங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் நாலாவது பெட்டியும் வாங்கிவிட்டேன். இனி அவசரம் ஒன்றும் இல்லை என்பதால், இந்தக் கடுதாசியை அதன் நடுவிலேயே வைத்து அனுப்புகிறேன்.