கண்ணை மூடு என்றார் மாமா

சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவனுக்கு நல்ல பெயர் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். கிடைக்கும்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு தொப்பியும், ஒரு பெல்பாட்டமும், ஒரு வீட்டின் மத்தியானக் குழம்பும் பாழாகும். அதை மட்டும் எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

பிள்ளைகளே, கூடத்தில் மாட்டியிருக்கும் எங்கள் கல்யாணப் போட்டோவில் அம்மா அழகாகச் சிரிக்கும்போது, பக்கத்தில் நான் மட்டும் ஏன் நின்றபடியே தூங்குகிறேன் என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்கிறீர்கள். நான் பேச்சை மாற்றுவேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். என்றைக்காவது அவள் சொல்ல ஆரம்பித்தால் இன்னும் மோசமாகச் சொல்வாள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது நான் ஒதியம்பட்டிலிருந்து டவுனில் ஒரு மில்லுக்குச் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தேன். பாகூர் ஏரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் பிலோமினா. உங்கள் அம்மாதான். காபித் தட்டோடு வந்தவளைப் பார்த்ததும் நான் டம்ளரை எடுக்காமல் தட்டைப் பிடித்து இழுத்தேன். அவ்வளவு தெளிவாக இருந்தேன்.

இரண்டு வீட்டுக்கும் சம்மதம். ஆனால் பெண்ணின் தாய்மாமன் சரி என்று சொன்னால்தான் சரி என்றார்கள். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஊரில் எல்லாருக்கும் அவர் சொல்தா மாமா. (சொல்தா என்றால் சிப்பாய். அந்தப் பென்ஷன் வந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.) பிரான்சிலேயே தங்கிவிட்டு வெகு காலம் கழித்து ஊருக்கு வந்திருந்தார். மீசை விறைப்பாக இருந்தது. தமிழ்தான் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது.

பெண் பார்த்த அன்று என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"மீன் புடிக்குமா தம்பி?"

"உசுரு மாமா. வெள்ளிக்கிழமையில மீன் இல்லன்னா எனக்கு நாளே போவாது."

நான் சாப்பிடுவதைச் சொன்னேன். அவர் தூண்டில் போடுவதைக் கேட்டிருக்கிறார். விறைத்த மீசை அப்படியே மலர்ந்தது.

"வர்ற வெள்ளிக்கிழம ஏரிக்கு வா. ரெண்டு பேரும் புடிப்போம். நான் என் முடிவ அங்க வெச்சிதான் சொல்வேன்."

அது தவக்காலம். வெள்ளிக்கிழமை கறி கிடையாது. நாங்கள் கொண்டுவரும் விராலை நம்பித்தான் அன்றைய குழம்பு. பிலோமினாவின் அம்மா காலையிலேயே மசாலா அரைத்துப் புளியும் கரைத்து வைத்துவிட்டார். அதுவரை நான் தூண்டில் போட்டுப் பிடித்தது மொத்தமும் வாய்க்காலில் ஒரு கெளுத்தி. அதுவும் எனக்குப் பிடிபட்டதா, என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஏறியதா என்று தெரியாது. இருந்தாலும், மாமாவின் வாயிலிருந்து 'சரி' வர வேண்டுமே! மாப்பிள்ளைக்கென்று தைத்த வெள்ளைப் பெல்பாட்டத்தைப் போட்டுக்கொண்டு ஏரிக்குப் போனேன். (ஏரிக்கு வெள்ளைப் பேண்ட் போட்டுப் போனவனைப் பற்றி நீங்கள் நினைப்பது சரிதான்.)

கரையில் சொல்தா மாமா ஒரு பெட்டியைத் திறந்தார். ராட்டினம் வைத்த பிரெஞ்சுத் தூண்டில். அதன் நைலான் நரம்பின் நுனியில் வெள்ளி மாதிரிப் பளபளக்கும் ஒரு தகட்டு மீன். புழுவே வேண்டாமாம். அதைத் தண்ணீரில் இழுத்தால், விரால் நிஜ மீன் என்று நம்பி வந்து கவ்வுமாம். (விராலும் என் ஜாதிதான், எதைச் சொன்னாலும் நம்பும்.) தகட்டின் வால் பக்கம் ஒரு வளையம். அதில் இருந்த பழைய முள் துருப்பிடித்துவிட்டது என்று கழற்றி எறிந்துவிட்டு, புது முள் ஒன்றையும் குறடு ஒன்றையும் என் கையில் கொடுத்தார்.

அந்த முள்ளின் மேல்முனை முழு வளையமாக இல்லை. பாதியில் கைவிட்ட ஜாங்கிரி மாதிரி வாயைத் திறந்துகொண்டிருந்தது. மாட்டுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று இப்படிச் செய்திருக்கிறானே, வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான் என்று மெச்சிக்கொண்டேன்.

"வளையத்துல மாட்டு. கண்ண மூடு. அப்புறம் வீசு" என்றார் மாமா.

"கண்ண மூடணுமா மாமா?"

"பின்ன? நல்லா இறுக்கி மூடு. இத்தினூண்டு தொறந்திருந்தாலும் போச்சி, மீனு நழுவிடும்."

எனக்குப் புல்லரித்தது. எவ்வளவு பக்தியுள்ள மனுஷன்! ஜெபம் பண்ணிவிட்டுத்தான் தூண்டிலே போடுகிறார். முள்ளை வளையத்தில் மாட்டினேன். குறடு எதற்கென்று புரியவில்லை. விரால் வாயிலிருந்து முள்ளைப் பிடுங்கத்தான் இருக்கும் என்று பெல்ட்டில் செருகிக்கொண்டேன். சிலுவை போட்டேன். கண்ணை மூடினேன்.

மாமா எனக்குப் பின்னால் உட்கார்ந்து, தொப்பித் தலையைக் குனிந்து, சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"மூடிட்டியா?"

"மூடிட்டேன் மாமா."

"இறுக்கி?"

"நட்சத்திரம் தெரியிது மாமா."

அது அவருக்குப் புரியவில்லை போலும். "வீசு" என்றார். தூண்டிலைப் பின்னால் ஓங்கி, முன்னால் விசிறினேன். விசிறும்போது கொஞ்சம் கனமாக இருந்தது. தூரத்தில் 'சளக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் தள்ளி 'தொப்' என்று இன்னொரு சத்தம்.

"ஐயோ, என் தொப்பி!"

பட்டாளத்துத் தொப்பி. பிரான்சிலிருந்து தலையிலேயே வைத்துக் கொண்டுவந்தது. ராட்டினத்தைச் சுற்றினேன். தகடு மட்டும் லேசாக வந்தது. மாமா அதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"முள்ளு கழண்டு தொப்பியோட பூடுச்சிடா! கண்ண மூடுன்னு சொன்னேனா இல்லியா?"

"இன்னும் மூடிக்கினுதான் மாமா இருக்கேன். தொறக்கலாமா?"

மாமா பிரெஞ்சில் ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு அர்த்தம் எனக்குப் பின்னால் தெரியவந்தது. உங்களுக்கு வேண்டாம்.

கண்ணைத் திறந்தேன். திறந்திருக்க வேண்டாம்.

விஷயம் இதுதான். முள்ளின் அந்தத் திறந்த வளையத்துக்குப் பிரான்சில் 'கண்' என்று பெயராம். மாட்டியபிறகு, தட்டான் கொலுசு வளையத்தை அமுக்குவது போல, குறட்டால் அமுக்கி அந்தக் கண்ணை மூட வேண்டுமாம். நம் ஊரில் ஊசிக்கே இருப்பது காதுதானே, முள்ளுக்கு எங்கிருந்து கண் வரும்? மாமா 'காத மூடு' என்று சொல்லியிருந்தால் இந்தத் தப்பே நடந்திருக்காது. இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருப்பேன், தூண்டில் காலடியில் விழுந்திருக்கும், தொப்பி பிழைத்திருக்கும்.

தொப்பி ஏரிக்குள் மிதந்து போய்க்கொண்டிருந்தது. கூடவே பிலோமினாவும் போவது போல இருந்தது எனக்கு. பெல்பாட்டத்தோடு குதித்தேன். தண்ணீர் இடுப்பளவு, சேறு முழங்காலளவு. தொப்பியைப் பிடித்துவிட்டேன். குறடு எங்கேயோ சேற்றில் போய்விட்டது. கரையேறும்போது வழுக்கி, தொப்பி மேலேயே உட்கார்ந்தேன். தொப்பியில் முள் குத்தியிருந்ததை என் மூளை மறந்திருந்தது. உட்கார்ந்த இடம் உடனே ஞாபகப்படுத்தியது.

மாமா இழுத்துப் பார்த்தார். தொப்பி வரவில்லை, நான்தான் வந்தேன்.

"வூட்டுக்கு நட. அங்க கத்தரி இருக்கு."

அந்தத் தொப்பி எத்தனையோ தேசம் பார்த்தது. மனிதனின் அந்தப் பக்கத்தில் ஏறி ஊர்வலம் போனது அன்றைக்குத்தான். தெருவில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று மாமா என் முதுகோடு ஒட்டிக்கொண்டு, "அன்... தெ... அன்... தெ..." என்று பிரெஞ்சில் ஒன்று, இரண்டு எண்ணிக் கால் வைத்தபடி நடந்தார். அதற்குப் பிறகுதான் எல்லாரும் பார்த்தார்கள்.

வீட்டு வாசலில் பிலோமினாவின் அம்மா சட்டியோடு நின்றார்.

"மீனு எங்கண்ணா?"

மாமா என்னைத் திருப்பிக் காட்டினார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். நான் முதன்முதலாகக் கேட்ட உங்கள் அம்மாவின் குரல்.

"இவருக்கு மீனு புடிக்கும்னு சொன்னாங்களேம்மா! மீனுக்குத்தான் இவர புடிக்கல போல."

கத்தரி வந்தது. பெல்பாட்டத்தில் ஜன்னல் வந்தது. மாமாவின் வேட்டி ஒன்றைச் சுற்றிக்கொண்டு, சைக்கிளை எடுத்து அப்படியே ஓடிவிடலாமா என்று பார்த்தேன். (அன்றைக்கு சைக்கிளில் உட்கார முடியாது என்பதால்தான் இன்றைக்கு நீங்களெல்லாம் பிறந்திருக்கிறீர்கள்.) உள்ளே மாமா நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்வது கேட்டது. சிரிப்புச் சத்தம் கேட்டது. சம்பந்தம் அவ்வளவுதான் என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். மாமா தொண்டையைக் கனைத்தார்.

"பட்டாளத்துல எத்தினியோ பேருக்கு ஆர்டர் போட்டிருக்கேன். கண்ண மூடுன்னா மூடிட்டு, தொறக்கலாமான்னு கேட்டுட்டுத் தொறந்தவன் இவன் ஒருத்தன்தான். நம்ம பிலோமினா வாய்க்கு இந்தப் பையன்தான் தாங்குவான். குடுத்துடுங்க."

மீன் இல்லாத மீன் குழம்பைக் கத்தரிக்காய் போட்டு ஒப்பேற்றினார்கள். நான் நின்றுகொண்டே மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஈஸ்டர் முடிந்து கல்யாணம். போட்டோக்காரர் எங்களை நிறுத்தினார். அவருக்குப் பின்னால், தைத்த தொப்பியோடு சொல்தா மாமா. சரியாக அந்த நேரம் பார்த்து, நான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டுமே என்ற அக்கறையில், "மாப்ள, கண்ணு!" என்று கத்தினார்.

இறுக்கி மூடிவிட்டேன்.

இப்போது கேட் தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாய், என் சட்டைப் பொத்தான், எது திறந்து கிடந்தாலும் "அப்பா, கண்ண மூடலியா?" என்று, அம்மா சொல்லிப் பழக்கியபடி, காரணம் தெரியாமலே வீடே கத்துகிறதே, அது இந்தக் கதையின் மிச்சம்தான்.

அன்றைக்குப் போட்டோக்காரர் பாவம், "இன்னொண்ணு எடுத்துடலாம் சார், கண்ணு மூடிட்டீங்க" என்று கெஞ்சினார். நான் தயாராக நிமிர்ந்தேன். உங்கள் அம்மா விடவில்லை.

"வேணாங்க. அதுதான் அவரு மாதிரியே இருக்கும்."